அழிக்காமல் விட்ட மின்னஞ்சல்கள்

என் மகள் பத்தாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. திருவண்ணாமலையில் ஒரு பிரவுசிங் சென்டரில், சாட்டிங்கில் பழகிய ஒருவனுக்குத் தன் புகைப்படத்தை அனுப்பியிருக்கிறாள். அவன் அதை ஆபாசமாக மாற்றி, "இன்னும் படம் அனுப்பு, இல்லன்னா இதை ஸ்கூலுக்கு அனுப்பிடுவேன்" என்று மின்னஞ்சலில் மிரட்டத் தொடங்கினான்.

பத்து நாள் தவித்துவிட்டு என்னிடம் சொன்னாள். நான் பதறிப்போய், "எல்லாத்தையும் அழிச்சிடு, யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றேன். அழிப்பதற்காக இருவரும் அந்த சென்டருக்குக் கிளம்பியபோது, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் தம்பி வந்தான். என் முகத்தைப் பார்த்து அவன் விடாமல் கேட்கவே, சொல்லிவிட்டேன்.

"அழிச்சுடாதக்கா, அதான் சாட்சி. சின்னப் பசங்கள இப்படி மிரட்டுறவங்களுக்குன்னே சட்டத்துல இப்ப தனிப் பிரிவு வந்திருக்கு" என்றான்.

மிரட்டல்களைப் பிரிண்ட் எடுத்துப் போலீசில் புகார் கொடுத்தோம். பெண் ஆய்வாளர் என் மகளிடம், "கேஸ் அவன் மேலதாம்மா, உன் மேல இல்ல" என்றார். அப்போதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சில வாரங்களில் அவன் வெளியூரில் பிடிபட்டான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

இப்போது மகளின் சம்மதத்தோடு எங்கள் மகளிர் குழுவில் இதைச் சொல்கிறேன். போன வாரம் குழுவிலிருந்து ஒரு பெண் தனியே வீட்டுக்கு வந்து, "என் பொண்ணுகிட்ட கொஞ்சம் பேசுறீங்களாக்கா?" என்று கேட்டாள். நான் செருப்பை மாட்டுவதற்குள் என் மகள் கிளம்பி வாசலில் நின்றாள்.