கேரி தீவில் அமாவாசை ஏற்றம்

நான் தனியாக வழிகாட்டிய முதல் இயற்கை நடையில், கூட வந்த அத்தனை பேரையும் பட்டினி போட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே பட்டினி கிடந்தார்கள் என்பதுதான் விஷயம்.

அன்று புரட்டாசி அமாவாசை. வடக்கே இலையுதிர் காலம் தொடங்கி, உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் நம் கரைக்கு வந்து இறங்கும் பருவம். அமாவாசையில் ஹை டைட் எனும் கடலேற்றம் உயரமாக இருக்கும். சேறெல்லாம் முழுகிவிட, பறவைகள் மிஞ்சிய மணலில் நெருக்கியடித்து நிற்கும். அதனால்தான் எங்கள் பாஸ் மேகலா அக்கா அந்த நாளைக் குறித்தார். "பறவைய மட்டும் கெளப்பி விட்டுறாத. பாவம் லா, எவ்ளோ தூரம் பறந்து வந்திருக்கு."

தலைநகரத்துப் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களும் குடும்பத்தாரும். நான் பறவை பார்க்கும் ஸ்கோப்பை நிறுத்திக்கொண்டிருந்தபோது, சிவராமன் அங்கிள் பையிலிருந்து வாழை இலையையும் சோற்றையும் எடுத்தார். போன வருடம் காலமான அவர் மனைவி இந்தத் தீவின் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர். அவர் பிறந்த மண்ணிலேயே காக்காய்க்குச் சோறு வைக்கத்தான் அங்கிள் வந்திருந்தார்.

"அங்கிள், இப்ப வேணாம். காக்கா கூட்டமா வந்தா இந்தப் பறவைங்க பறந்துரும். நிக்க வேற எடம் இல்ல."

"அப்ப எப்பம்மா வைக்கிறது?"

"தண்ணி எறங்குனா அதுங்களே சேத்துக்குச் சாப்பிடப் போயிரும்."

அங்கிள் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ஒற்றைக் காலில் தூங்கும் உப்புக்கொத்தியை வெகுநேரம் பார்த்தார்.

"இதுவும் இன்னும் சாப்பிடலயா?"

"இல்ல அங்கிள்."

"சரி, இருப்போம்."

காக்காய் தொடாமல் யாரும் சாப்பாட்டைப் பிரிக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கிளின் தங்கை ராணி ஆன்டி மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"அண்ணி இருந்தப்பவும் இப்படித்தாண்ணே. கல்யாணத்துக்குக் கெளம்புனா, அவங்க சேல கட்டி முடிக்கிறதுக்குள்ள பந்தி முடிஞ்சிரும்."

அங்கிள்தான் முதலில் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"மெதுவாண்ணே, பறவை முழிச்சிக்கப் போவுது!"

தண்ணீர் இறங்கியது. ஒரு உள்ளான் சேற்றுக்கு ஓடியது, பின்னாலேயே கூட்டம் முழுவதும். நான் தலையசைத்தேன். அங்கிள் ஒரு மரத்தடியில் இலையை விரித்து, "கா... கா..." என்று அழைத்தார். காக்காய் வந்து ஒரு வாய் எடுத்த பிறகே பொட்டலங்கள் பிரிந்தன.

டைட் நேரம் தெரிந்தால் நடை நடத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் கிளம்புமுன் எல்லாரிடமும் கேட்டுவிடுகிறேன்: "இங்க நீங்க எதுக்காக வந்திருக்கீங்க?" பறவை என்பார்கள், போட்டோ என்பார்கள். சிலர் பதில் சொல்லத் தயங்குவார்கள். அவர்கள் பக்கத்தில்தான் நான் நடப்பேன்.