அக்கார்டியன் வேண்டாம் என்ற பாடகர்

"அக்கார்டியன் இழுக்கிற இடத்துல நான் வாயைத் திறந்தா, என்னைப் பாடகன்னே சொல்லாதீங்க!" என்று 1984இல் வால்யெவோ ஊர்ச் சதுக்கத்தில் எங்கள் இசைக்குழுவின் பாடகர் திஹோமிர் அறிவித்தார்.

அப்போது அவர் புகழின் உச்சியில் இருந்தார். எங்கள் 'நீலப் பேருந்து' பாட்டு அந்தக் கோடை முழுக்க யூகோஸ்லாவிய வானொலிகளில் ஓடியது. அதன் தொடக்கத்தில் வரும் அக்கார்டியன் இசையைத்தான் ஜனங்கள் தெருவில் முணுமுணுத்தார்கள். டிரம்ஸ் அடித்த எனக்கு அது கேட்டது, திஹோமிருக்குக் கேட்கவில்லை. அக்கார்டியன் கல்யாண வீட்டுச் சமாச்சாரம், லண்டனில் யாரும் தொடமாட்டார்கள் என்று சொல்லி, அதை வாசித்த விடோசாவை வெளியே அனுப்பினார். அடுத்த இசைத்தட்டைத் திஹோமிரின் அம்மா மட்டும்தான் வாங்கினார். குழு கலைந்தது.

பாடகர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போனார். அவருக்கும் விடோசாவுக்கும் பேச்சு நின்றது. ஆனால் தனித்தனியாக என்னிடம் வந்து அந்தக் கோடையைப் பற்றியே பேசுவார்கள்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு; அவருடைய நாள் விருந்துக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. போன டிசம்பரில், விடோசாவ் குடும்பத்தின் புனிதரான நிக்கோலாவின் நாளன்று, அவர் வீட்டு வாசலில் நரைத்த தலையோடு திஹோமிர் வந்து நின்றார்.

விடோசாவின் மனைவி ரூஜா, அன்று விருந்தாளிக்கு முதலில் தரும் இனிப்புக் கோதுமையை நீட்டினாள். "சாப்பிடுங்கண்ணே. லண்டன்ல இதெல்லாம் கிடைக்காதே!"

"விடுடி," என்றார் விடோசாவ். "டேய், மீன் சூப் ஆறுது, உக்காரு."

சூப் முடிந்ததும் விடோசாவ் அக்கார்டியனை மடியில் வைத்து 'நீலப் பேருந்து' பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். நாங்கள் யாரும் திஹோமிரைப் பார்க்காமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரியான இடத்தில் பாடத் தொடங்கினார்.