பவுனம்மாளுக்குக் கறுப்புச் சாக்லேட்

மேல்சித்தாமூர் நெல் வியாபாரி ஒருவருக்குப் பச்சமுத்து ஒரு காலத்தில் நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். மூணாங்கிளாஸ் தாண்டாத மனுஷன், மூட்டை தூக்கியே அதை அடைத்தார். அடைத்த கையோடு செஞ்சியில் சொந்த மண்டி வைத்தார். இன்றைக்கு மூன்று லாரி ஓடுகிறது. இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொல்லுவார். சொல்லிக்கொள்ள வேறு யாருக்குத் தகுதி இருக்கிறது?

ஒரு வேலை மட்டும் அவர் கையால் நடந்ததில்லை. சனிக்கிழமைக் கூலியை எண்ணிக் கொடுப்பது மனைவி பவுனம்மாள்தான். அவள் கைராசியில்தான் மண்டி நிமிர்ந்தது என்று மூட்டை தூக்குகிறவர்களே சொல்வார்கள். அந்தப் பவுனம்மாளுக்குப் பொங்கல் கழிந்ததிலிருந்து எண்ணிக்கை பாதியில் நின்றுபோனது. இரண்டு மூன்று தாளுக்கு மேல் போனால் விழிப்பாள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, பிரஷரும் ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். பவுனம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு மண்டிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். மகன் பார்த்திபன் கூலியைப் போனில் அனுப்பினான். பச்சமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூளைக்கும் இதயத்துக்கும் கறுப்புச் சாக்லேட் நல்லது என்று போனில் வந்த வீடியோவில் ஒருவன் பேசினான். மறுநாளே பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் போய் நின்றார். அட்டையில் 85% என்றிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இன்னாம்மா, எம்பத்தஞ்சு ஈரத்த வச்சிகினு இந்த வெல சொல்ற? எங்க மார்க்கெட்டுல நெல்லு ஈரம் பதினேழு தாண்டுனா மூட்டைய எறக்கவே வுட மாட்டோம்.”

“ஈரம் இல்ல பெரியவரே, கோகோ. அது ஏற ஏறத்தான் வெலயும் ஜாஸ்தி,” என்றாள் கடைப்பெண் அமலா.

“அப்ப நூறு இருந்தா குடு.”

நூறு இல்லை. இருந்ததைப் பெட்டியோடு வாங்கினார். இவ்வளவு ஒசத்தியான மருந்து வந்த பிறகு மாத்திரை எதற்கு என்று அதைத் தூக்கி அலமாரி மேல் போட்டார்.

பவுனம்மாள் ஒரு கடி கடித்து முகத்தைச் சுளித்தாள். “வேப்பங்கொட்ட மாதிரி இருக்குது. எம்மேல இன்னா கோவம் உங்களுக்கு?”

“வெல தெரியுமா உனக்கு? முழுங்கு.”

தினமும் பொழுது சாய்ந்ததும் முழுசாக ஒரு பாளம் தின்னக் கொடுத்தார். அவளுக்குத் தூக்கம் போனது. ஒருநாள் விடியலில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, தலைசுற்றிச் சரிந்தாள்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். “மாத்திர குடுக்கறீங்களா?”

மாத்திரையை நிறுத்தியதையும் சாயங்காலச் சாக்லேட்டையும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சாக்லேட் மேல குத்தம் இல்லீங்க. அதுல இருக்கற சத்து ரத்தக்குழாய கொஞ்சம் இளக்கும்னு சொல்றாங்க. ஞாபகத்துக்கு நல்லதான்னு இன்னும் ஆராய்ச்சிதான் பண்றாங்க. ஆசப்பட்டா பகல்ல ஒரு சின்ன துண்டு. சாயங்காலம் முழுசா தின்னா தூக்கம் எப்பிடி வரும்? மாத்திரைக்கு பதிலா அது ஆவாது. போன ஞாபகம் அப்பிடியே திரும்பும்னும் நான் சொல்ல மாட்டேன்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. மூன்று லாரி இருந்து என்ன?

அன்றிலிருந்து மாத்திரையை அவரே எடுத்துக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை, மகனிடம் போனை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டுப் பவுனம்மாளைக் கூப்பிட்டார். “நீ குடு, நான் எண்ணறேன். வாய் என்னுது, கை உன்னுது.”

“தப்பாப் போனா சிரிப்பாங்க.”

“எவன் சிரிக்கறான்னு பாக்கறேன்.”

மூட்டை இறக்கிக் களைத்திருந்த சர்தார் முதல் ஆளாகக் கை நீட்டினார். “போன்ல வர்ற காசு நிக்கவே மாட்டேங்குது அண்ணி. நிதானமா குடுங்க. வீட்டுக்குப் போனா பொண்டாட்டி வேல வைப்பா.”

மூன்றாவது தாளில் அவள் விரல் நின்றது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் அதட்டவில்லை.

“வுடு. மொதல்லேர்ந்து வருவோம்,” என்றார். குரலில் பழைய முறுக்கு இல்லை. “ஒண்ணு.”

சர்தாரின் விரிந்த உள்ளங்கையில் அவள் ஒவ்வொரு தாளாக வைத்தாள், கடைசித் தாள் வரைக்கும்.