செத்தவீட்டுக்குப் பால் தேத்தண்ணி

தேத்தண்ணி விசயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்புக் கிடையாது. தேயிலையைக் கொதிக்கவைக்கக் கூடாது. கேத்தலில் தண்ணீர் கொதித்து மூடி ஆடத் தொடங்கியதும் இறக்கி, தேயிலை போட்ட துணி வடியில் ஊற்ற வேண்டும். சாயம் தானாக இறங்கட்டும். பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டி. அதைக் கடித்துக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, வெறும் தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். மன்னார்த் தீவில் நான் அறிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் குடித்தார்கள். இப்போது பாதிப் பேர் சீனியைக் கொட்டிக் கலக்குகிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நான் வாங்குவது சிவப்புப் பைக்கற், கப்பல் படம் போட்டது. வருசத்துக்கு வருசம் பைக்கற் மெலிகிறது, கப்பல் மட்டும் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் எருக்கலம்பிட்டி ஆள். "இதுவும் நல்ல தேயிலதான் அக்கா" என்று வேறொன்றை நீட்டுவார். "நல்லதெண்டா நீங்களே குடியுங்கோ" என்பேன். என் மனுசன் உயிரோடு இருந்த காலத்தில் இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பேர் வைத்திருந்தார். அதை இங்கே எழுத முடியாது. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் ஒருத்தி எதிலாவது பிடிவாதமாக இருக்கத்தானே வேண்டும்.

போன வருசம் என் தம்பி வந்தான். சண்டைக் காலத்தில், மீசை சரியாக முளைக்காத வயதில் படகேறி இராமேஸ்வரம் போனவன். நான் அப்போதுதான் கலியாணம் கட்டியிருந்தபடியால் போகவில்லை. அங்கே அகதி முகாமில் வளர்ந்து, முகாமுக்குள்ளேயே கலியாணமும் கட்டி, இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்டான். வரும்போது தனியாகத்தான் வந்தான். ஊரைப் பார்த்து, இருக்கலாம் என்று மனதுக்குப் பட்டால் மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடுவதாகப் பேச்சு. அம்மாவின் காணியில் பாதி அவனுடையது. என் வளவுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. இப்போதைக்கு அதில் கழுதைகள் படுக்கின்றன.

எனக்கு அவர்கள் வரவேண்டும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. காய்ச்சல் என்று படுத்தால் கேத்தல் வைக்க ஆளில்லாத வீடு என்னுடையது. செத்தால் கண்ணை மூடிவிடவும் அயலவர்தான் வரவேண்டும். அந்தப் பிள்ளைகளைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பெரியவளுக்கு எங்கள் அம்மாவின் நெற்றி. அந்த நெற்றி இந்த வளவுக்குள் நடமாட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வந்த அன்று காலை தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தேன். பனங்கட்டியை எடுத்துத் தேத்தண்ணிக்குள் போட்டுக் கரண்டியால் கலக்கத் தொடங்கினான்.

"அடேய், அது கடிக்கிறதடா!"

"ஓம் என்ன? மறந்துபோனன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் இல்லயா அக்கா?" என்றான்.

அவனுடைய பெட்டிக்குள் ஒரு தேயிலைத்தூள் பைக்கற் இருந்தது, மயில் படம் போட்டது. முகாம் வாசலில் இருக்கிற டீக்கடையில் அந்தத் தூள்தானாம். பின்னேரமானால் பால், தண்ணீர், தூள், இஞ்சி, ஏலக்காய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுப் பொங்கப் பொங்கக் காய்ச்சுவான். என் குசினிக்குள் வேற்று வீட்டு மணம் அடிக்கும். "தேயிலையக் கொல்லுறாய்" என்று ஏசுவேன். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தன் வீட்டைப் பற்றிச் சொல்லுவான். பெரியவள் தாதிப் படிப்புப் படிக்கிறாள். சின்னவள் வாசலில் இருந்து சத்தம் போட்டுப் பாடம் படிப்பாள், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அவளுடைய பாடமெல்லாம் மனப்பாடம். கேட்டுக்கொண்டே நானும் ஒரு கப் குடித்துவிடுவேன். நன்றாகத்தான் இருந்தது. அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறிவிடுவான்.

அவனுக்கு ஞாபகம் இருந்த எங்கள் வீட்டுத் தேத்தண்ணி இந்தக் கப்பல் தேயிலை இல்லை. சின்ன வயதில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மஞ்சள் தகரப் பேணியில் ஒரு தேயிலை விற்றது. அம்மா கத்தியால் நெம்பி மூடியைத் திறக்கும்போது வீடு முழுக்க மணக்கும். "அங்க முகாமில படுத்திருக்கேக்க, சில நாள் அந்த மணம் வரும் அக்கா" என்றான். அடுத்த நாளே கடைக்குப் போனேன். ஒரு பேணித் தேயிலையைக் காட்டி ஒரு குடும்பத்தையே கடல் தாண்டிக் கூட்டிவரலாம் என்று நம்பினேன். ஆசைக்கு அறிவேது.

கடைக்காரர் தலையை ஆட்டினார். "அது எப்பவோ நிண்டுபோச்சு அக்கா. நாங்க புத்தளத்துல இருந்து திரும்பி வந்த நேரம் நானும் தேடினேன்தான். தேடாதீங்க." தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது அவருடைய ஊரையே எழுப்பித் துரத்தினார்கள். அவரும் பல வருசம் கழித்துத் திரும்பி வந்தவர்தான். நான் கப்பல் பைக்கற்றையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டுச் சம்மாட்டியார் இறந்தார். பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். தம்பி சின்னவனாக இருந்தபோது அவருடைய கரைவலையில் கயிறு இழுத்திருக்கிறான். அன்று எங்கள் கரையில் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. சேமக்காலையில் பிரேதத்தை அடக்கம் செய்து முடிக்கும்வரை செத்தவீட்டில் அடுப்பு எரியாது. அயல் வீடுகள்தான் முறைவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வேண்டும். அதுவும் வெறும் தேத்தண்ணிதான். பால் காய்ச்சுவது வீடு குடிபூருகிற நாளுக்கு, கலியாணத்துக்கு. துக்க வீட்டுக்குள் பால் போகாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. இங்கே இருந்து வளர்ந்தவர்களுக்கு அது தெரியும், அவ்வளவுதான்.

பின்னேர முறை எங்கள் வீட்டுக்கு. நான் சம்மாட்டியாரின் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த மனுசி என் கையை விடவில்லை. தம்பி வாசலில் வந்து நின்று, "நீ இரு அக்கா, தேத்தண்ணிய நான் பாக்கிறன்" என்றான். தண்ணீர் கொதிக்கவைப்பதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தலையாட்டினேன்.

செபமாலை பாதியில் நிற்கும்போது ஏலக்காய் மணம் உள்ளே வந்தது. எழும்பி வெளியே ஓடினேன்.

வீட்டில் இருந்த பால்மா முழுவதையும், மயில் பைக்கற்றில் மிஞ்சியிருந்த தூள் முழுவதையும் போட்டுக் காய்ச்சியிருந்தான். முகாமில் யாராவது செத்தால் டீக்கடையில் இருந்து பெரிய வாளியில் பால் டீதான் வருமாம். தன்னிடம் இருந்த திறமானதைச் சம்மாட்டியாருக்காகக் கொடுக்க நினைத்திருக்கிறான். பந்தலுக்குள் தட்டத்தை நீட்டிக்கொண்டு போகிறான். எடுத்தவர்கள் கிளாசைப் பார்த்தார்கள், வாயில் வைக்காமல் கதிரைக்குக் கீழே வைத்தார்கள்.

"என்ன தம்பி, கலியாண வீடோ?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

செத்தவரின் மூத்த மகன் எழும்பி வந்தான். நல்ல பிள்ளை. தம்பியின் தோளில் கைவைத்துக்கொண்டு கிழவரிடம், "விடுங்கோ பெரியப்பா. அவர் இந்தியாக்காரர், அவருக்கு எங்கட பழக்கம் என்னெண்டு தெரியும்?" என்றான்.

அதை அவன் அன்பாகத்தான் சொன்னான். நக்கலாகச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அவனைக் கிழித்திருப்பேன். முகாமுக்கு வெளியே தன்னைச் 'சிலோன்காரன்' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அவனுக்கு இரண்டு கரையிலும் பச்சை இல்லை.

நான் தட்டத்தில் இருந்து ஒரு கிளாசை எடுத்து, எல்லாரும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்தது. "நல்லாத்தானே இருக்கு, குடியுங்கோவன்" என்று கத்தினேன். ஒருவரும் குடிக்கவில்லை. செத்தவீட்டில் வந்து சன்னதம் ஆடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். தம்பி கிளாசுகளைப் பொறுக்கி எடுத்துப் போய் வேலியோரம் ஊற்றினான். கழுவிக் கொண்டுவந்து, "வெறும் தேத்தண்ணி போட்டுத் தா அக்கா" என்றான். போட்டுக் கொடுத்தேன். அதே ஆட்களுக்கு அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். குடித்தார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் காலை, பெட்டியை எடுத்துவைத்து உடுப்பு அடுக்கினான். எனக்கு வந்த கோபத்தில் உடுப்பை எல்லாம் திரும்ப வெளியே இழுத்துப் போட்டேன்.

"ஒரு தேத்தண்ணிக்காகவோடா போறாய்? ஊர் இண்டைக்கு ஒண்டு கதைக்கும், நாளைக்கு மறந்துபோம்."

"எனக்கு ஊரோட கோவமில்ல அக்கா. அந்தப் பெடியன் இந்தியாக்காரர் எண்டு சொல்லேக்க எனக்குக் கோவமே வரேல்ல. சரியாத்தான் சொல்லுறான் எண்டு பட்டுது. அதுதான் பயமாக் கிடக்கு."

"நீ பிறந்த ஊரடா."

"நான் பிறந்தனான். பிள்ளையள் பிறக்கேல்லயே. நானே இப்பிடி எண்டா அதுகள் இஞ்ச வந்து என்ன செய்யுங்கள்? ஒவ்வொண்டா, பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் பழகோணும். அங்க அகதியெண்டாலும் அதுகளுக்குச் சிநேகிதப் பிள்ளையள் இருக்குதுகள்."

அங்கே அவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். திரும்பி வந்தபடியால் முகாம் பதிவில் அவன் பேரை வெட்டிவிட்டார்கள். சுற்றுலா வீசாவில்தான் போகிறான், தன் சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்க. அது முடிந்தால் அவன் யார் என்று எந்த அரசாங்கக் கந்தோராலும் சொல்ல முடியாது. அதையெல்லாம் அவன் யோசித்துத்தான் இருந்தான். நான் இழுத்துப்போட்ட உடுப்பை ஒவ்வொன்றாக மடித்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானும் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினேன்.

கொழும்பு பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பாலத்தடியில் பஸ் மறையும்வரை நிற்கவில்லை, வெயில்.

போய்ச் சேர்ந்து சில நாள் கழித்துப் போன் எடுத்தான். பின்னால் சின்னவள் சத்தம் போட்டுப் படிப்பது கேட்டது. பிள்ளைகள் சந்தோசமோ என்று கேட்டேன், ஓம் என்றான். சாப்பிட்டாயோ என்று கேட்டேன், ஓம் என்றான்.

"அக்கா, ஒண்டு சொல்லோணும். வீசா முடிஞ்சா இனி என்னால இஞ்ச இருந்து அசையேலாது, வெளிக்கிட்டா திரும்ப உள்ள விடமாட்டாங்கள். உனக்கு ஏதும் நடந்தாலும் வரேலாது."

"ஓம், தெரியும்" என்றேன். "உனக்கு ஏதும் நடந்தாலும் என்னாலயும் வரேலாது."

"ஓம்" என்றான் அவன்.

அவன் படகேறிப் போன காலத்துக்குப் பிறகு, நாங்கள் இருவரும் சண்டை பிடிக்காமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.