நிற்கத் தெரிந்தவள்

என் மாமன் மகள் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைப்பானேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. புதுக்கோட்டையில் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. சைக்கிள் முதலில் ஓட்டியது நான். என் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தவள் அவள். ஆறே மாதத்தில் தன் அண்ணனுடைய பார் வைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு, சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, விடியற்காலையில் கிளம்பித் திருமயம் வரை போய், பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் திரும்பிவிட்டாள். ஊரே நின்று பார்த்தது. நான் ஓட்டியபோது ஈ காக்கை கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

எனக்கென்று ஒன்று இருந்தது. தசரா விளையாட்டுகளில் பெண்களுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் மட்டும்தான் வைப்பார்கள். வேகமாகப் போனால் நாங்கள் விழுந்துவிடுவோமாம். கால் தரையில் படக் கூடாது, கடைசியாக வருகிறவளுக்குப் பரிசு. அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே இடத்தில் சைக்கிளை நிறுத்தி, நூறு எண்ணும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அவளோ விசில் ஊதியதும் பாய்ந்துபோய் முதல் ஆளாகக் கோட்டைத் தொட்டுவிட்டு, தோற்றதற்குச் சிரிப்பாள். மூன்று வருடம் தொடர்ந்து பரிசு எனக்குத்தான். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அப்புறம் வெளியூர்களில் பெண்களுக்கும் வேகப் பந்தயம் வைக்க ஆரம்பித்தார்கள். தஞ்சாவூர் ரோட்டில் ஒன்று, மதுரையில் ஒன்று. இரண்டிலும் அவள்தான் முதல். பேப்பரில் நாலு வரி வந்தது. அண்ணன் மகளாச்சே, என் ஆத்தா அந்த நாலு வரியை என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், அதுவும் இரண்டு தடவை.

ஒரு நாள் அவள் திருச்சியில் தோற்றுவிட்டு வந்தாள். அது ரோட்டில் அல்ல, மைதானத்தைச் சுற்றி ஓட்டுகிற பந்தயம். அன்றைக்கு எனக்குச் சோறு இரண்டு கவளம் கூடவே இறங்கியது. நேரே என்னிடம்தான் வந்தாள்.

"ரெண்டு ரெண்டு பேரா விடுறாங்கடி. முன்னாடி போறவ காத்தோட மல்லுக்கட்டியே ஓஞ்சு போயிடுறா. பின்னாடி ஒட்டிக்கிட்டு வாரவ கடைசில தாண்டிடுறா. அதுனால நீ போ, நீ போன்னு ரெண்டு பேரும் கால ஊனாம நிக்கணும். பொன்மலையிலேருந்து ஒருத்தி வாரா, அவ செல மாதிரி நிக்கிறா. எனக்கு நிக்க வரல. ஒனக்குத்தான் வரும். சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். ஒரு மாதம், தினமும் பள்ளிக்கூடம் விட்டதும். மூச்சை எப்படி விடுவது, இடுப்பை எங்கே வைப்பது, பார்வையை எதில் ஊன்றுவது, எல்லாம் சொன்னேன். ஆனால் நிற்பதன் சூட்சுமம் ஹாண்டில் பாரில் இருக்கிறது. தரை எந்தப் பக்கம் மேடோ அந்தப் பக்கம் அதை லேசாக ஒடிக்க வேண்டும். மிதித்தால் சைக்கிள் மேட்டில் ஏறப் பார்க்கும், விட்டால் பின்னால் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொள்ளலாம். இதை நான் சொல்லவில்லை. அவளே கவனித்துக் கேட்டாள்.

"நீ ஹாண்டில் பார ஒடிக்கிறியே, அது எதுக்குடி?"

"அது எங் கைப்பழக்கம். நீ அதப் பாக்காத. நேராப் புடி."

எனக்கு வாய் கூசவில்லை.

அடுத்த பந்தயத்துக்கு நானும் திருச்சிக்குப் போனேன். கடைசிச் சுற்றில் அவளும் பொன்மலைக்காரியும் ஊர்ந்து ஊர்ந்து வந்து நின்றார்கள். பொன்மலைக்காரியின் முன் சக்கரம் மேட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. இவள் நேராகப் பிடித்திருந்தாள். ஒரு ஆட்டம், இன்னொரு ஆட்டம், கால் தரையில் பட்டுவிடப் போகிறது என்று பெடலை அழுத்திவிட்டாள். அழுத்தியதும் முன்னால் போக வேண்டியதாயிற்று. கோட்டுக்கு நாலு முழம் இருக்கும்போது அந்தப் பெண் தாண்டிப் போய்விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நீ சொன்ன மாதிரி நேராத்தான்டி புடிச்சேன். எனக்குத்தான் கூறு பத்தல. அடுத்த வருசம் பாரு."

அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. இன்னும் கொஞ்ச நாள் தோற்றவளாக இருக்கட்டும், அடுத்த பந்தயத்துக்கு முன்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் ஜெர்மன்காரனோடு சண்டை வந்துவிட்டது. டயரும் டியூபும் பட்டாளத்துக்கே போயின. பந்தயங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சண்டை முடிந்தபோது அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில்.

அப்புறம் அவள் பந்தயச் சைக்கிளில் ஏறவே இல்லை. யாராவது அந்தத் திருச்சிப் பந்தயத்தைப் பற்றிக் கேட்டால், "இவ ஒரு மாசம் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா, எனக்குத்தான் வரல" என்று என்னைக் காட்டி இன்றைக்கும் சிரிக்கிறாள்.