கணுக்காலில் கட்டைவிரல் தடம்

பிரசவ கேஸ் என்று நினைத்துத்தான் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். சங்கரன்கோவிலில் நான் மிட்வைஃபாக இருந்த காலம். எங்களைப் பேய் தவிர எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் பேய்க்கும் கூப்பிட்டார்கள்.

அழைத்துப்போன விவசாயி வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். "என் ரெண்டாம் சம்சாரம் கோமதிக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு நாளைக்குக் கோடாங்கி கால்ல சூடு போட்டு ஓட்டப் போறான், நர்சம்மா. நீங்க ஒரு தடவை பாத்துருங்க."

தொழுவத்துக்குப் பின்னால், மாதவிலக்கில் தூரமான பெண்கள் ஒதுங்கும் குச்சிலில் கோமதி சுருண்டு கிடந்தாள். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, உள்பக்கம், இரண்டு காலிலும் நீலமாகக் கன்றியிருந்தது.

மாமியார் தீட்டுக்குப் பயந்து எட்டவே நின்றார். "மாசாமாசம் இந்தத் தடம் வருது. மூத்தவ வயித்துவலியில துடிச்சுச் செத்தா. அவதான் இவ காலைப் பிடிச்சு இழுக்கா. பேய் ஓட அம்மன் சன்னதி சக்கரக்குழியில இவளை உக்கார வச்சும் அவ போகமாட்டேங்கா!"

எனக்கு எரிச்சல் வந்தது. கோமதியின் கட்டைவிரலைப் பிடித்துத் தடத்தில் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

"வயித்துவலி வரும்போது நான்தான் அமுக்கிக்கிடுவேன். கொஞ்சம் மட்டுப்படும்" என்றாள். தீட்டென்று யாரும் கிட்டப் போகாததால் அவள் அமுக்குவதை ஒருத்தரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். "அப்ப சூடு வேண்டாம். கோடாங்கிட்ட சொல்லிருதேன்" என்று வாசலில் நின்ற கணவர் கிளம்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"யாருட்டி சொல்லித் தந்தா?"

"மூத்த அக்காதான்" என்றாள் மெதுவாக. "அந்த மூலையில உக்காந்து காலை அமுக்கிக் காட்டுவாக. இப்பவும் காட்டுதாக. உங்களுக்குத் தெரியலையா?"

மூலையில் ஒரு பானை மட்டும் இருந்தது.

"என்ன சொல்லுதா?" என்று வெளியிலிருந்து மாமியார் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. இது ஆஸ்பத்திரி வைத்தியம், நாங்களும் சொல்லித் தருவோம்" என்று கூசாமல் பொய் சொன்னேன். கோமதி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அதை உண்மையாகவே பல பெண்களுக்குச் சொல்லித் தந்தேன். பிள்ளைத்தாய்ச்சி மட்டும் அந்த இடத்தை அமுக்கக் கூடாது என்பேன். பலருக்கு வலி குறைந்தது. நர்ஸ் வேலைக்கு வரும் இளம் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருத்தியைக் காப்பாற்ற முதல் பதிலே போதுமென்றால், அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள்.

சொல்லித் தரும்போதெல்லாம் மூலைப்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொள்வேன். மரியாதைக்குத்தான்.