பிடிமண் வாங்கிய செங்கமலம்

செங்கமலத்தைக் கொலைகாரி என்று சொல்கிறவன் நாக்கு அழுகட்டும். அவள் யாரையும் கொல்லவில்லை. கையைத்தான் வெட்டினாள். அதுவும் வெட்டப்பட வேண்டிய கை.

கீரனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஐயனாருக்கு மண்குதிரை செய்கிற குடும்பம் அவளுடையது. புருஷன் பிச்சை வேளார். குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிப் போகிற புரவி எடுப்புத் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் ஊர் சார்பில் ரெங்கசாமி ஒரு பிடி மண் அள்ளி வேளார் கையில் கொடுப்பான். அதுதான் பிடிமண். வாங்கினவர் குதிரைக்குக் கண் எழுதித் திறக்கும்வரை வேறு சட்டி பானை வனையக்கூடாது. அந்த வீட்டுக் கைதான் கண்ணையும் திறக்க வேண்டும். தவறினால் குதிரை செய்கிற உரிமையே அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ரெங்கசாமிக்குப் பெரிய மனுஷன் என்று பேர். தொழில் கள்ளச்சாராயம். மதுவிலக்கு வந்த பிறகு திருச்சியிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வருவார்கள். கேட்டால், சித்தன்னவாசலுக்குச் சித்திரம் பார்க்கப் போகிறார்களாம்! குகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் இவனுடைய கருவக்காட்டில் குடித்து உருளுவார்கள்.

ஐம்பத்தொன்றில், புரவி எடுப்புக்கு முந்தின வாரம், போலீஸ் புகுந்து அவனுடைய சாராய ஊறல் பானைகளை அடித்து நொறுக்கியது. அவன் நேரே வேளார் வீட்டுக்கு வந்தான்.

"வேளாரே, நாளைக்குள்ள பானை வேணும்."

"பிடிமண் வாங்கியிருக்கேங்க. நீங்கதான குடுத்தீங்க? கண்ணு தொறக்காம சக்கரத்தத் தொடமாட்டேன்."

"எனக்கே சாத்திரம் சொல்றியா?"

அவ்வளவுதான். அவன் ஆட்கள் பிச்சையைக் குப்புறத் தள்ளி அழுத்திக்கொண்டார்கள். ரெங்கசாமி உலக்கையை எடுத்து இரண்டு கைகளையும் நசுக்கினான். குறுக்கே விழுந்த செங்கமலத்தை எட்டி உதைத்தான். அவளுக்குப் பல் தெறித்தது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

எடுப்பு நாளில் ஊர் வேளார் வாசலில் கூடியது. பிச்சையின் கைகள் கட்டோடு தொங்கின. கண் எழுதக் கரிமை குழைத்த சிரட்டையைச் செங்கமலம் எடுத்தாள்.

"பொம்பள தொட்டாத் தீட்டு, தள்ளுடி அங்கிட்டு! இனிமே குதிரை வெளியூர்ல இருந்து வரும்" என்று ரெங்கசாமி அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான்.

சேவல் அறுக்க வைத்திருந்த அரிவாள் பக்கத்தில் கிடந்தது. ஒரே வீச்சு. அவனுடைய வலது கை மணிக்கட்டோடு கழன்று விழுந்தது. ரத்தம் குதிரையின் கழுத்துவரை பீய்ச்சியடித்தது. கூட்டம் அலறிச் சிதறியது. அவள் ஓடவில்லை. அரிவாளைப் போட்டுவிட்டு, நிதானமாகக் குதிரைக்கு இரண்டு கண்ணும் எழுதி முடித்த பிறகுதான் போலீஸோடு போனாள். அடேயப்பா, என்ன நெஞ்சுரம்!

அவள் ஜெயிலில் இருந்தவரை கண் திறந்த வீட்டின் உரிமையைப் பறிக்கமாட்டோம் என்று, எங்கள் ஊருக்குக் குதிரை செய்ய எந்த ஊர் வேளாரும் சம்மதிக்கவில்லை. திரும்பி வந்த வருஷம் ஊரார் அவள் வாசலுக்கே வந்தார்கள். பிச்சையின் நசுங்கிய விரல்கள் கடைசிவரை குணமாகவே இல்லை. செங்கமலம்தான் முன்னால் வந்தாள். கொடுக்கிற உரிமை தன்னுடையதென்று ரெங்கசாமி இடது கையால் மண்ணை நீட்டினான்.

"எடக்கையால குடுக்குற மண்ண ஐயனாருக்கு வாங்கமாட்டேன். வேற ஆளு குடுக்கட்டுங்க."

ஊரார் ரெங்கசாமியின் முகத்தைப் பார்த்தார்கள். ரெங்கசாமியின் பெண்டாட்டி உண்ணாமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து மண் அள்ளி, வலது கையால் நீட்டினாள்.

"இந்தா, வாங்கிக்க ஆத்தா."

செங்கமலம் இரண்டு கையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள்.